சாப்பாட்டு நோட்டில் பதினொரு அம்புகள்

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஞானாம்பாள் இருபத்திரண்டு வருடம் செக்கிங் பார்த்தாள். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எங்கே என்று தேடும் வேலை. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். மணிக்கொரு தடவை அட்டையில் எழுதுவாள்: என்ன குறை, எங்கே, எத்தனை. குறை இல்லாத பனியனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத மாட்டாள். அதை எண்ணுவது பேக்கிங்காரர்கள் பாடு.

நாள் முழுக்க நின்றே பார்க்கும் வேலை. போன ஏப்ரலில் வலது கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. செருப்பு கடித்ததென்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். விரல் கறுத்த பிறகுதான் மகன் முருகேஷுக்கே தெரிந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 268.

டாக்டர் ஈஸ்வரமூர்த்தி சுற்றி வளைக்கவில்லை. "மாத்திரை எழுதியிருக்கறனுங்க. ஆனா நீங்க என்ன உங்கறீங்கன்னு தெரியாம அளவு வெக்க முடியாது. மூணு வாரம், வாயில போறதையெல்லாம் எழுதிட்டு வாங்க. சக்கரை எறங்கலீன்னா வெரல எடுக்கறதத் தவிர வழியில்லீங்க."

"வெரல் போச்சுன்னா நின்னு வேல பாக்க முடியுமுங்களா?" என்றாள் ஞானாம்பாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

முருகேஷின் அப்பா நாச்சிமுத்து போய்ப் பத்து வருடமாகிவிட்டது. வீட்டில் அம்மாவும் மகனும்தான். முருகேஷ் துணிப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தான். துணியை வட்டமாக வெட்டி எடை போட்டு, துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் எண்ணாக எழுதித் தருகிறவன். அன்றைக்கே அம்மாவின் போனில் சாப்பாட்டை எழுதிவைக்கும் ஆப் ஒன்றை ஏற்றினான். அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"பீட்சாவுல நாலு தினுசு இருக்குது. அரிசிம்பருப்புச் சோத்தக் காணோமே கண்ணு. இதுல எழுதோணும்னா மொதல்ல நான் இதையெல்லாம் வாங்கித் திங்கோணுமாட்ட இருக்குது."

ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தான். "தேதி போட்டு எழுதுங்கம்மா. மறைக்காம எழுதுங்க." அவ்வளவுதான் சொன்னான். இடையில் ஒரு நாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை. இத்தனை வருடம் அட்டை எழுதியவளுக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று இருந்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் நோட்டைப் புரட்டினார். இருபத்தொரு நாளுக்குப் பதினொரு வரி. மற்ற நாட்களில் தேதிக்கு எதிரே 'இல்லை' என்று மட்டும் இருந்தது. சர்க்கரை 274.

"ஏனுங்கம்மா, காத்தக் குடிச்சா இந்தச் சக்கரை ஏறுது?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம், அதற்கு மேல் பொறுக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முருகேஷ் கத்தினான். "டாக்டர ஏமாத்தறீங்களா, உங்களையே ஏமாத்திக்கறீங்களா? பொய் எழுதறதுக்கு எதுக்குங்க நோட்டு? வெரல் போனாத்தான் புத்தி வருமா?" பக்கத்துக் கட்டடத்தில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கள் ஒரு நிமிடம் நின்றன. எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

அம்மா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எதையும் மறைக்கலியே சாமி. குத்தம் அத்தனையும் எழுதியிருக்கறனே."

அப்போதுதான் அவன் நோட்டைப் பிரித்தான்.

'3ஆம் தேதி. தேங்கா பன். பாதி. மூக்கம்மா பேத்தி பொறந்தநாளு.'

'6ஆம் தேதி. வெல்லக் கச்சாயம். ரெண்டு. கோயில்ல.'

'7ஆம் தேதி. இல்லை.'

மூக்கம்மாள் அதே செக்கிங் மேசையில் எதிரே நிற்பவள். பதினொரு வரிக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"இட்லி எங்கீங்க?"

"இட்லில என்ன குத்தம் கண்ணு?"

"சோறு?"

"சோறு உங்காம யாரு இருக்கறா?"

"கம்பெனி டீ?"

"அது எல்லாரும் குடிக்கறதுதான."

முருகேஷ் தரையில் உட்கார்ந்தான். அவன் மேசைக்குக் கம்பெனிகளிலிருந்து தினமும் வரும் செக்கிங் அட்டைகள் இப்படித்தான் இருக்கும். தினமும் படிக்கிறவன்தான். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுந்து போய் ஒரு தராசு வாங்கி வந்தான்.

ஒரு கரண்டிச் சோறு 140 கிராம். அம்மா போட்டுக்கொள்வது நாலு கரண்டி. கம்பெனி டீ ஒரு நாளைக்கு நாலு. ஒவ்வொன்றிலும் சர்க்கரை இரண்டு ஸ்பூன்.

"பாஸ் பண்ணுன பீஸையும் எழுதோணுமா?"

"அத்தனையும் எழுதோணுமுங்க."

"அப்பறம் உங்கறதுக்கு எங்க கண்ணு நேரம்?" என்றாள். ஆனால் எழுதினாள். ஒரு வாய் மோரைக்கூட விடவில்லை. சோறு ஒரு கரண்டியானது. டீயில் சர்க்கரை நின்றது. டாக்டரால் மருந்தின் அளவை வைக்க முடிந்தது. 210. 163. 128. ஆகஸ்ட் கடைசியில் புண் ஆறியது. விரல் தப்பியது. மெத்தென்ற செருப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு அவள் பழைய மேசைக்கே திரும்பினாள். பன்னையும் கச்சாயத்தையும் பிறகு தொடவே இல்லை. மூக்கம்மாள் நீட்டினால், "எழுதோணும் புள்ள, வேண்டாம்" என்பாளாம்.

மார்கழி முதல் வாரம். கம்பெனி வேனுக்குக் காத்திருந்த இடத்தில் சரிந்தாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை. அன்று காலை சர்க்கரை 118 என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள். கீழே 'ராகிக் களி, 150 கிராம்.' முருகேஷிடம் ஆறு மாதத்து எண்கள் இருந்தன. எதிலும் இது இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் மங்கலத்திலிருந்து அம்மாவின் தங்கை சித்ராதேவி வந்தாள்.

"கண்ணு, அக்காளுக்கு என்னென்ன புடிக்கும்? நாளைக்குப் படையல்ல வெக்கோணும். சின்ன வயசுல நாங்க தின்னதுதான் எனக்கு நெனப்பிருக்குது."

முருகேஷுக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா எத்தனை கிராம் சாப்பிட்டாள் என்று தெரியும். நோட்டை எடுத்துக் கடைசியிலிருந்து புரட்டினான். ராகி, கொள்ளு, வெள்ளரிக்காய், மறுபடியும் ராகி. பிடித்துச் சாப்பிட்டது எது, பிடிக்காமல் சாப்பிட்டது எது என்று அந்தப் பக்கங்களில் இல்லை. புரட்டிக்கொண்டே போய் முதல் மூன்று வாரத்துக்கு வந்தான். ஸ்டிக்கர்கள் ஓரம் சுருண்டிருந்தன.

"எழுதிக்குங்க சின்னம்மா. தேங்கா பன். கச்சாயம். சந்தகை, தேங்காப்பால் ஊத்தி. மொளகா பஜ்ஜி. ஜிலேபி, பாதி..."

"பாதியா? படையலுக்கு யாராச்சும் பாதி வெப்பாங்களா?"

"முழுசாவே வெச்சிரலாமுங்க."

பதினொன்றையும் வாசித்து முடித்தான்.

மறுநாள் அம்மாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை நிறைந்திருந்தது. சித்ராதேவி சூடம் ஏற்றப் போனாள்.

"ஒரு நிமிஷமுங்க" என்று முருகேஷ் சமையலறைக்குப் போனான். டீ அந்தப் பட்டியலில் இல்லை. அம்மா அதை ஒரு நாளும் குற்றமென்று நினைத்ததில்லை. அடுப்புப் பக்கத்தில் தராசு இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு டம்ளரை வைத்து, சர்க்கரை இரண்டு ஸ்பூன் போட்டான்.