சொதிக்கு இஞ்சி இல்லாத நாள்

அக்காள் கல்யாணத்துக்கு மறுநாள் காலை, தேங்காய்ப்பால் பிழிந்து முடித்த பிறகுதான் வீட்டில் ஒரு துண்டு இஞ்சிகூட இல்லை என்று தெரிந்தது. முதல்பால் ஒரு சட்டியில், இரண்டாம்பால் ஒரு சட்டியில், பாசிப்பருப்பு அடுப்பில் பாதி வெந்தாயிற்று. இனி வேறு குழம்புக்கு மாற வழியில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொதி என்றால் கூடவே இஞ்சிப் பச்சடி இருந்தாக வேண்டும். அத்தனை தேங்காய்ப்பாலும் வயிற்றில் அப்படியே கிடக்கும். இஞ்சி போனால்தான் இளகும். அன்றைக்கு மாப்பிள்ளைக்கு வயிறு மந்தப்பட்டதென்றால் அந்தப் பேச்சு அக்காளோடு அவள் புக்ககம் போகும், அவள் பிள்ளைகள் காலத்திலும் போகாது. எனக்கு அதுதான் பயம்.

முந்தின நாள் சமைத்த தவசிப்பிள்ளை, இருந்த இஞ்சியை எல்லாம் கல்யாணப் பந்திக்கே போட்டு முடித்துவிட்டு, வெள்ளம் ஏறுமுன் அக்கரைக்குப் போய்விட்டார். கடைகளும் அக்கரையில்தான். ஐப்பசி மழையில் ஆறு செம்மண்ணாய்ப் புரண்டுகொண்டிருந்தது, ஓடம் விடவில்லை. தெருவில் கேட்கலாமென்றால், எல்லார் வீட்டு இஞ்சியையும் நாங்களே கல்யாணத்துக்கு வாங்கியிருந்தோம்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். சம்பந்தி வீட்டார் காதில் விழாமல் பைய சொன்னாள்:

“ஏட்டி, சுக்கு கெடக்கும் பாரு. அதை வச்சு என்னமாவது செய்யி. நான் அங்கன அவியகூட இருக்கேன்.”

என்னமாவது என்று அம்மா சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்தவள் நான். செய்து பழகியதைச் செய்வேன், என்னமாவது செய்ய எனக்கு வராது. சுக்கின் மேல்தோலில் நஞ்சு என்று கேட்டிருக்கிறேன். சுரண்டினேன். வெள்ளையாய் வந்த பிறகும் சந்தேகம், மறுபடியும் சுரண்டினேன். தட்டிப் பொடித்து, சலித்து, நல்லெண்ணெயில் லேசாகப் புரட்டினேன். பச்சடி என்று கரண்டியில் அள்ள ஏதாவது வேண்டுமே. ஈருள்ளியை, அதுதான் சின்ன வெங்காயத்தை, பொடியாய் அரிந்து சிவக்க வதக்கிச் சேர்த்தேன். புளி ஊற்றினேன். சுக்கின் காரம் இஞ்சியைப்போல நாக்கில் சுரீரென்று ஏறி இறங்கவில்லை, தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கருப்பட்டி போட்டேன். போதவில்லை. இன்னும் போட்டேன். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சுக்குமாய்க் கறுத்துத் திரண்டபோது, இந்த வாசனை எனக்குத் தெரிந்த வாசனையாய் இருக்கிறதே என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அத்தான் புது இடத்துக் கூச்சத்தில் குனிந்தே சாப்பிட்டார். சொதியை ஊற்ற ஊற்ற வேண்டாமென்று சொல்லவில்லை. போதும் என்று ஒரு தரம் சொன்னால் என்ன? அவருடைய அம்மா, எனக்கு அத்தை முறை, மகனுக்குப் பரிமாறுவதைப் பார்க்க வந்தவள், பச்சடியில் கொஞ்சம் உள்ளங்கையில் வாங்கி நாக்கில் வைத்தாள். யோசித்தாள். பிறகு என் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

“என்ன மயினி, பிள்ள பெத்தவளுக்குக் கொடுக்கிற மருந்தை இலையில வச்சிருக்கிய? தாலி கட்டி ஒரு நாள்தான ஆகுது. அதுவும் எம்மவன் இலையில.”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்படியில் எனக்குப் பிடிபடாத வாசனை அதுதான். அம்மாவும் சிரித்தாள், ஆனால் கண் என் பக்கம் வந்து போயிற்று. அத்தை சொன்னது வேடிக்கையா, குத்தலா? அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து அத்தான் கை கழுவினார், வெற்றிலை போட்டார், தூணில் சாய்ந்தார். நான் ஒரு செம்பைத் துலக்குகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். துலக்கின செம்பையே திரும்பத் துலக்கினேன். கடைசியில் அவர் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். நான் செம்பைக் கீழே வைத்தேன்.

ஆனால் அத்தையும் சொதி சாப்பிட்டிருந்தாள். அவள் ஏப்பம் விட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வெள்ளம் தணிந்து ஓடம் விட்டார்கள், அக்காளையும் அழைத்துக்கொண்டு எல்லாரும் ஏறிவிட்டார்கள். அதுவரை எனக்குக் கேட்கவில்லை.