நடுத்தெரு மவுத் அறிவிப்பு

சாகிராவுக்குப் பெரிதாக நோய் என்று ஒன்றும் இருந்ததில்லை. 2007 தை மாதக் குளிரில் நெஞ்சு வலித்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், குன்னம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லப்பைக்குடிக்காட்டில் அவரைக் கம்ப்யூட்டர்க்காரம்மா என்பார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

கணிதத்தில் பட்டம் வாங்கியவர். கணவர் குவைத்தில் கிரேன் ஓட்டினார். மகள் ஃபைஸா பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் நேரம் மிஞ்சியது. 1998இல் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தார். புர்காவோடு தினமும் பஸ்ஸில் போய் வந்தார். "இந்த வயசுல என்னத்துக்கு?" என்று கேட்டவர்களுக்கு, "வூட்டுல கரண்ட் பில் கம்மியா வருது, அதான்" என்று பதில் சொன்னார்.

ஊரில் வீட்டுக்கு ஒரு ஆண் வளைகுடாவில். ஊரில் யார் இறந்தாலும் செய்தி அங்கே போய்ச் சேர நாளாகும். ஜமாஅத் செயலாளர் நிஜாமுதீன்தான் ஒரு நாள் வந்து கேட்டார்.

"இன்டர்நெட்டுல நம்ம ஊருக்குன்னு ஒரு பக்கம் வச்சு, மவுத் சேதிய போட முடியுமா சாகிரா? பசங்க அங்க ஆபீஸ்ல உக்காந்து பார்த்துக்குவானுங்க."

"போடலாம் மாமா. ஆனா நீங்கதான் உடனே சொல்லி அனுப்பணும். நான் போயி எட்டிப் பார்த்துட்டு வர முடியாது."

அறிவிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்தான். யார், எந்தத் தெரு, நல்லடக்கம் எந்தத் தொழுகைக்குப் பிறகு. ஒவ்வொன்றையும் தனியாக எழுத வேண்டியதில்லை. இட்லித் தட்டு மாதிரி ஒரு அச்சு செய்தால் போதும். அந்த அச்சுக்குள் ஒரு லூப். அது விவரங்களை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக எடுக்கும், அச்சில் ஊற்றும், அடுத்ததற்குப் போகும். எத்தனை பேர் இருந்தாலும் எழுதிய வரிகள் அவ்வளவுதான். சாகிரா அதை எழுதி முடித்த அன்று கணவருக்குப் போன் போட்டுச் சொன்னார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லதும்மா" என்றார்.

ஊர் வழக்கம் ஒன்று அந்த அச்சுக்குள் போனது. பெண் இறந்தால் பெண்ணின் பேரைப் போடுவதில்லை. இன்னாரின் தாயார் என்றுதான் போடுவார்கள்; சாகிரா ஆணுக்கும் இன்னாரின் தகப்பனார் என்றே வைத்துவிட்டார். தம்மாமிலும் துபாயிலும் உள்ளவர்களுக்கும் அப்படித்தான் ஆள் தெரியும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனின் தாயார் அல்லவா. ஆகவே வெளி லூப்புக்குள் இன்னொரு லூப். இறந்தவருக்கு மகன்கள் இருந்தால் ஒரு கிண்ணத்தில் பழையதைக் கவிழ்த்துவிட்டு அந்தப் பேர்களைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் படித்து அடுக்கி, கடைசியில் ஆண் என்றால் தகப்பனார், பெண் என்றால் தாயார் என்று முடிக்கும். மகன்கள் இல்லாவிட்டால் கிண்ணத்தில் எதையும் கொட்டாது. கொட்டாது, சரி. முந்தின சுற்றில் கொட்டியதைக் கவிழ்க்கவும் செய்யாது. சாகிரா அதை யோசிக்கவில்லை. யோசிக்கும்படி யாரும் சாகவுமில்லை. பெரியவர்களில் மகன் இல்லாதவர் என்று ஒருவரும் அதுவரை அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.

2005 ஐப்பசியில் நடுத்தெரு அப்துல் கரீம் இறந்தார். முகமது அனஸ் அவர்களின் தகப்பனார் என்று பக்கம் சொன்னது. அனஸ், அவருக்கும் மனைவி ஜைனம்புக்கும் ஒரே பிள்ளை, தம்மாமில் ஏசி மெக்கானிக். கம்பெனி லீவு தரவில்லை. அத்தாவின் முகத்தை அவன் பார்க்காமலே அடக்கம் முடிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. வெள்ளாற்றில் தண்ணீர் பாலத்தை ஒட்டி ஓடியது. அப்படி ஒரு மாலையில் அதே நடுத்தெருவில் ஓரத்து வீட்டு மாமி இறந்துபோனார். புருஷன் போய் வெகு காலம். பிள்ளை கிடையாது. சாகிரா பெண் என்பதையும் தெருவையும் தொழுகையையும் அடித்தார். மகன்கள் என்ற இடத்தைக் காலியாக விட்டார். கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பக்கம் ஏறியதும் போன் லைன் செத்தது. ஏறியது எப்படித் தெரிகிறது என்று பார்க்க முடியவில்லை.

மூன்று நாள் ஊருக்கே போன் இல்லை. லைன் வந்த காலையில் நிஜாமுதீன் குடையை மடக்காமலே வாசலில் நின்றார்.

"என்னம்மா போட்டு வச்சிருக்க? ஜைனம்பு வூட்டுக்குத் தம்மாம்லேருந்து போன். எடுத்தது ஜைனம்பேதான். அனஸ் ரூம்ல இருக்கிற பையன், 'அனஸோட அம்மாவ அடக்கிட்டாங்களா'ன்னு கேட்டிருக்கான். 'நாந்தாண்டா பேசுறேன்'னு இது கத்துது. அவன் பயந்துபோயி போனை வச்சுட்டான்."

சாகிரா உள்ளே ஓடிப் பக்கத்தைத் திறந்தார். முகமது அனஸ் அவர்களின் தகப்பனார், நடுத்தெரு. அதற்குக் கீழே, முகமது அனஸ் அவர்களின் தாயார், நடுத்தெரு.

"அனஸ் எங்க மாமா?"

"ஏறிட்டானாம். இங்க போனும் போகலை, கம்பெனி மறுபடி லீவும் தரலை. வேலைய விட்டே போறதா ஃபைனல் எக்ஸிட்டுல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டான். வேலை போச்சு."

அன்று பிற்பகல் திருச்சியிலிருந்து டாக்ஸி வந்தது. கதவைத் திறந்தது தாயார். அனஸ் பெட்டியைப் போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டானாம். அழுதானா சிரித்தானா என்று தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மறுநாள் ஜைனம்பு, புருஷன் போன இத்தாவில் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்பதையும் மறந்து, ஒரு பாத்திரம் நிறைய சேமியா கொண்டுவந்தார். முகம் பூரித்திருந்தது.

"நீ செஞ்ச தப்புக்கு அல்லா உனக்கு நன்மைய எழுதுவான் போ. ஆறு வருசமாச்சு எம் புள்ளையப் பார்த்து. அவங்க அத்தா மவுத்துக்கே வராதவன், எனக்குன்னா வந்துட்டான் பாரு."

சாகிரா ஒரு வாய் எடுத்து வைத்தார். பாத்திரத்தை மூடி ஓரமாக வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று மழை விடுமுறைக்கு ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த மகளிடம் பிறகு சொன்னார்.

சாயங்காலம் அனஸ் வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றான். சாகிரா திரைக்குப் பின்னால்.

"தப்பு எம் மேலதான் தம்பி."

"அது இருக்கட்டும்கா. நான் அங்க பள்ளிவாசல்ல நின்னு ஜனாஸா தொழுதேன். ரூம்ல இருந்த பசங்க அத்தனை பேரும் தொழுதானுங்க. அம்மாவுக்குன்னு தொழுதது. அம்மா சமையக்கட்டுல நிக்குது. அப்ப நான் தொழுதது யாருக்குக்கா? அந்த மாமி பேரு என்ன?"

சாகிராவுக்குத் தெரியவில்லை. ஓரத்து வீட்டு மாமி. அதற்கு மேல் அந்தத் தெருவுக்கு ஒரு பேர் தேவைப்பட்டதில்லை.

"கேட்டுச் சொல்றேன்."

"அம்மாகிட்ட கேட்டேன். தெரியாதுங்குது."

நிஜாமுதீனுக்கும் தெரியவில்லை. மாமியின் மய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்ணுக்கும் தெரியவில்லை. ஜைனம்பு அந்த மாமியோடு ஒரே சுவரைப் பங்கிட்டு வாழ்ந்தவர். அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அனஸ் தொழுகைக்குப் பள்ளிவாசல் போன நேரமாகப் பார்த்துச் சாகிரா அங்கே போனார்.

"தெரியும்" என்றார் ஜைனம்பு. குரலில் நேற்றைய பூரிப்பு இல்லை. "சொல்ல மாட்டேன்."

"ஏன் மாமி?"

"அவன் மறுபடி போயிடுவான். வேற விசாவுக்கு இப்பவே மெட்ராஸ் ஏஜென்டுக்குப் போன் பேசுறான். நான் நெசமாப் போறப்ப எங்க இருப்பானோ, லீவு குடுப்பானுங்களோ என்னவோ. எம் புள்ள எனக்குன்னு அழுதுக்கிட்டே தொழுதது இது ஒண்ணுதான். அதை எதுக்கு அவளுக்குத் தூக்கிக் குடுக்கணும்?"

 சாகிரா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"இரு" என்றார் ஜைனம்பு. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மைமூன். அவ பேரு மைமூன். அவளுக்கும்தான் யாரு இருந்தா? போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

சாகிரா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். லூப்பின் தலையில் ஒரு வரி சேர்த்தார்: ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது கிண்ணம் காலியாக வேண்டும். கோளாறுக்கு அது போதும். ஆனால் அப்போது மாமியின் அறிவிப்பில் தெருவும் நேரமும் மட்டும் நின்றன, ஆளே இல்லாமல். அதனால் விவரங்களில் புதிதாக ஓர் இடம் ஒதுக்கி, இறந்தவரின் சொந்தப் பேரை முதல் வரியில் வைத்தார். ஆணோ பெண்ணோ, பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நிஜாமுதீனுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளை பேரை உலகமே பார்க்கிற மாதிரிப் போடுறதா?"

"சரி மாமா, மைமூன் மாமிக்கு வேற என்ன போடட்டும்? நீங்க சொல்லுங்க, அடிக்கிறேன்."

 ஜமாஅத்தில் பேசிவிட்டு வருகிறேன் என்று அவர் போனார். பேசினாரோ என்னவோ, திரும்ப வந்து அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அனஸ் மாமியின் பேரைப் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டான். மைமூனை அடக்கிய கபரஸ்தானுக்குப் போனான். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் மெட்ராஸ் போய், அங்கிருந்து கத்தாருக்கு, முன்னைவிடக் குறைந்த சம்பளத்தில் ஏறினான்.

இத்தா முடிந்த பிறகும் ஜைனம்பு சாகிராவின் வீட்டு வழியே நடக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். சாகிரா ஜன்னலில் நின்று பார்ப்பார். கூப்பிட மாட்டார். கூப்பிட்டு என்ன சொல்வது என்று ஃபைஸாவிடம் ஒருமுறை கேட்டார். ஃபைஸாவுக்கும் தெரியவில்லை.