கூட்டிப் பிரித்த காற்று

காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று சராசரி எடுப்பதும் ஒரு பிழைப்பா என்று சிரிக்காதீர்கள். மேலதிகாரியிடம் நியாயம் கதைத்துத் தோற்று வீடு திரும்பிய எவரும் என் கட்சிதான்.

பெரியவரின் கணக்கு

கொலன்னாவையில் புதிதாக எழும்பிய ஒரு தொழிற்சாலை, மார்கழி, தை மாதங்களில் காற்று எப்படி என்று எங்கள் வானிலைக் கந்தோரைக் கேட்டது. குடியிருப்புப் பக்கம் புகை போகாதபடி புகைபோக்கியை வைக்க வேண்டுமாம். அந்தக் குடியிருப்பில்தான் என் தங்கை ராணி இருந்தாள். அவளுடைய சின்னவனுக்கு மூச்சிழுப்பு.

அந்த மாதங்களில் வீசுவது சுத்த வாடை. வடக்கைச் சைபராக வைத்துச் சுற்றி எண்ணினால் இந்தப் பக்கம் பத்துப் பாகை, அந்தப் பக்கம் முந்நூற்றைம்பது. என் மேலதிகாரியான பெரியவர் இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தார். நூற்றெண்பது! அதாவது தெற்கு. வடக்கிலிருந்து வருகிற காற்றை இப்படித் திருப்பிவிட்டோமே ஐயா என்று பதறினேன்.

"தம்பி, கூட்டினது பிழையோ, பிரிச்சது பிழையோ? அதைச் சொல்லும்."

என் கணக்கு

ஒவ்வொரு காற்றுக்கும் அது வரும் திசையைப் பார்க்க ஒரு கோடு கீறி, ஒன்றின் நுனியில் அடுத்ததைத் தொடுத்தேன். தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்குப் பார்த்தால் அதுதான் சராசரித் திசை. வடக்கு என்று வந்தது. பெரியவர் விடவில்லை. காலையில் கிழக்கிலிருந்தும் பின்னேரம் மேற்கிலிருந்தும் ஒரே அளவாக வீசிய ஒரு நாளைத் தந்தார். என் கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. இந்த நாளுக்குச் சராசரித் திசையே இல்லை என்றேன், உண்மையைத்தான் சொன்னேன்.

"காத்து இருக்கெண்டுதான் எங்களுக்குச் சம்பளம் தருகினம். இல்லையெண்டு எழுதச் சொல்லுறீரோ?"

யன்னல்

பக்கத்து மேசைச் செல்லத்துரை, எந்தத் திசை அதிக தடவை வந்ததென்று எண்ணிப் பார்த்தான். அதுவும் வடக்கு. நான் எழும்பிப் போய் வடக்கு யன்னலைத் திறந்துவிட்டேன். பெரியவரின் கடதாசிகள் எல்லாம் தெற்குச் சுவருக்குப் பறந்தன. அவர் அவசரப்படாமல் ஆறுதலாகப் பொறுக்கி அடுக்கினார்.

"ஒரு நாள் காத்தை வச்சுக்கொண்டு சராசரியைப் பிழையெண்டு சொல்லாதையும்."

கொட்டாஞ்சேனை எஞ்சினியர்

விடையை வாங்க வந்த தொழிற்சாலை எஞ்சினியர் கொட்டாஞ்சேனைக்காரர், நல்ல மனிதர். வாசல்வரை பின்னால் போய் என் விடையையும் சொன்னேன். தங்கையின் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெரியவர் கையெழுத்து வைத்ததையே மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஐசே, புகைபோக்கி ஒண்டுதான். ரெண்டு காத்தைத் தந்தா நான் என்ன செய்யிறது?"

கொடிக்கயிறு

பெரியவரின் தெற்குக் காற்றை நம்பிப் புகைபோக்கி குடியிருப்புக்கு வடக்கே எழும்பியது. மார்கழி பிறந்ததும் வாடை புகையை அள்ளிக்கொண்டு நேரே ராணி வீட்டுக்குப் போனது. சின்னவன் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்க முடியாமல் இருவரையும் வெள்ளவத்தைக்கு, என் அறைக்கே கூட்டி வந்தேன். வந்தவள் கொடிக்கயிற்றிலேயே கரி படிந்த குழந்தை உடுப்புகளை வாளியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அண்ணா, உங்கட சராசரிக் காத்து எண்டைக்கு வீசும்? அண்டைக்கு நாங்கள் வீட்டை போறம்."

கந்தோர்க் கணக்கின்படி அந்தத் தெற்குக் காற்று மார்கழி முழுக்க வீசிக்கொண்டேதான் இருந்தது.