என் குரலில் வந்த அழைப்பு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலைக்கு வராதவர்களுக்குப் போன் போட்டு ஏன் என்று கேட்பது முன்பு என் வேலை. அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தபோது, குரலை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு மதியம் முழுக்க, பூட்டிய அறையில் தாளைப் பார்த்து வாசித்தேன்.

"இவ்ளோ போதும் மேடம். மிச்சத்த அதுவே பேசிக்கும்" என்றார் சிஸ்டம் பார்ப்பவர்.

சில மாதம் கழித்து எனக்கு ஜுரம். வீட்டில் படுத்திருந்தேன். போன் அடித்தது. எடுத்தால், மறுமுனையில் நான் பேசினேன். என் பெயரைச் சொல்லி, ஏன் இன்று வரவில்லை என்று கேட்டேன். அந்தப் பெயர் தாளில் இருக்கவே இல்லை.

"ஜுரம்" என்றேன். வேறென்ன சொல்வது?

"உடம்பப் பாத்துக்கோங்க" என்றது அது. நான் போனை வைக்கும்போது எப்போதும் சொல்வது அப்படித்தான். அதையும் நான் வாசித்துக் கொடுக்கவில்லை.

ஜுரம் விட்டு வேலைக்குப் போன அன்று, தையல் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் கேட் அருகே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"வூட்டுக்காரர் போய்ட்டார்னு மொதல்ல உங்ககிட்டதான் சொன்னேன் மேடம். எங்க அண்ணனுக்குக்கூட அப்புறம்தான் சொன்னேன்."

நான் அவருக்குப் போன் செய்யவே இல்லை.

"நான் இன்னா சொன்னேன்க்கா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒண்ணும் சொல்லல. நான் அழுது முடிக்கிறவரைக்கும் லைன்லயே இருந்தீங்க. அதான் தெம்பா இருந்துச்சு."

போனில் இருப்பவர் பேசி நிறுத்தும்வரை காத்திருக்கும்படி அதைச் செய்து வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். அவர் கையை விடும்வரை நின்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல நினைத்தேன். அது இப்போது போனில் வரும் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

குரலை மாற்றச் சொல்லி அன்றே போய்க் கேட்டேன். சிஸ்டம் பார்ப்பவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மாத்தலாம் மேடம். ஆனா இந்தக் குரலுக்குத்தான் ஜாஸ்தி பேர் மனசு விட்டுப் பேசறாங்க."

இன்னும் மாற்றவில்லை. போன ஞாயிறு பிரியாணிக் கடை வரிசையில் நின்று, "ஒரு பார்சல்" என்றேன். எனக்கு முன்னால் பார்சலுக்குக் காத்திருந்த பெண் திரும்பாமலே, தாழ்ந்த குரலில், "நாளைக்கு வந்துடறேன் மேடம்" என்றாள்.