முட்டியளவுத் தண்ணீரில் எரிந்த சம்பா

காலைக் காப்பியோடு செய்தித்தாளை விரிக்கிறீர்களே, எழுதியவன் எங்கே நின்று பார்த்து எழுதினான் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? மரியபுஷ்பம் டீச்சர் கேட்காத நாளில்லை. திருவாரூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. பஸ்ஸில் வேர்க்கடலை வாங்கினால் கடலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் பொட்டலத் தாளைப் படிப்பார். கொண்டையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். ‘என்று கூறப்படுகிறது’ கண்ணில் பட்டால் அடிக்கோடு விழும். “சொன்னவன் பேரு எங்க? மொட்டைக் கடுதாசியை அச்சுல போட்டா செய்தியாயிடுமா?”

அறுபத்தேழில் ஆட்சி மாறி ஐந்தாண்டாகியும் மிராசுதாரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு மாறவில்லை. அந்த ஐப்பசியில் ஒரு நாளேடு எழுதியது: கூலி உயர்வு கேட்ட ஆட்கள், மிராசுதார் வயலில் அறுவடைக்கு நின்ற சம்பாவுக்குத் தீ வைத்தார்கள், ஐந்து வேலி நிலம் சாம்பல். ஏழு பேரைப் போலீஸ் பிடித்துப்போனது. அதில் ஒருவர் வைரக்கண்ணு. அவர் மகள் வேம்பு, டீச்சரின் வகுப்பு.

டீச்சர் செய்தியைக் கரும்பலகையில் ஒட்டினார். “எரியுமா?”

“போன வாரந்தான் நட்டோம் டீச்சர்,” என்றாள் வேம்பு. “முட்டித் தண்ணியில நிக்கிற நாத்தை எரிக்கணும்னா, மொதல்ல காவேரியக் கொளுத்தணும்.”

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. “நீ அவரு பொண்ணு. உன் வாய்ச்சொல்லு மட்டும் பத்தாது. போய்ப் பாருங்க.”

தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். “பத்திரிகைக்காரங்களோட நமக்கு எதுக்கும்மா வம்பு?”

“வம்பு இல்ல சார். கட்டுரைப் பயிற்சி.”

ஒன்பது மாணவர்கள் வயலில் இறங்கினார்கள். சாம்பல் இல்லை, பச்சை நாற்றும் நண்டு வளையும்தான். எந்த வயலில் என்ன பயிர் என்று கர்ணம் எழுதும் அடங்கலுக்கு மனுப்போட்டு நகல் வாங்கினார்கள். சம்பா நடவு, ஐப்பசி என்று அதிலேயே இருந்தது. நிருபர் வயலையே மிதிக்கவில்லை, மிராசுதார் வீட்டுக் கூடத்தில் இலைபோட்டுச் சாப்பிட்டுப் போனார் என்று பரிமாறிய சமையல்காரரே சொன்னார். எல்லாம் கைதானவர்களின் வக்கீல் கைக்குப் போயின. ஏழு பேரும் விடுதலையானார்கள். அச்சில் வந்ததெல்லாம் வேதவாக்கு என்று நம்பப் பழக்கிய நாட்டில், ஒன்பது பிள்ளைகள் ஒரு நாளேட்டையே தலைகுனிய வைத்தார்கள்.

ஆறாம் பக்கத்தின் அடியில் திருத்தம் வந்தது: ‘பயிர் எரியவில்லை எனத் தெரிகிறது.’ வகுப்பு மேசையைத் தட்டி ஆரவாரித்தது. டீச்சர் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி வேம்புவிடம் நீட்டினார். அப்பா மேல் விழுந்த பழியைத் துடைத்த அந்த வரியின் கீழேயும் அவள் ஒரு சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்தில் எழுதினாள்: ‘போய்ப் பார்த்தது யார்?’

நாளைக் காலை, காப்பிக்கு முன் நீங்களும் ஒரு சிவப்புப் பென்சிலைச் சீவி வையுங்கள்.