அம்மா விட்டுப் படுத்த இடம்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். பின்னறைக் கதவு வரைக்கும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். உள்ளே மட்டும் நீங்களாகவே போய்க்கொள்ளுங்கள்.

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். பத்து மாடி ஆழத்துக்கு மேலே, இருட்டில் தொங்கிக்கொண்டு வேலை செய்து பழகிய உடம்பு. எங்கே எது உரசுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடும் ரகம். இப்போது சிரிப்பு வருவதில்லை.

வீட்டைக் காட்டியவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். வீட்டு புரோக்கர். எல்லாவற்றிலும் அவசரம் என்பதால் குடும்பத்தில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடலாமா என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"என்ன மாப்ள, வக்கீலா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் மச்சான்.

"எங்க அண்ணனை நம்பலைன்னு தண்டோரா போடணுமா?" என்றாள் மனைவி.

வாயை மூடிக்கொண்டேன். வெளி ஆள் காட்டிய வீடாக இருந்தால் குடைந்து குடைந்து கேட்டிருப்பேன். மச்சான் காட்டிய வீட்டில் கேள்வி கேட்டால், அது மச்சானைக் கேட்ட கேள்வி ஆகிவிடும். கையிலிருந்ததைத் துடைத்துப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பின்னறையை அம்மாவுக்குக் கொடுத்தோம். நல்ல வெளிச்சம். பழைய இரும்புக் கட்டில் ஒன்று அங்கேயே கிடந்தது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். அவசரத்துக்கு நாங்கள் உள்ளே போக வேண்டுமே என்று கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

வந்த முதல் வாரமே கவனித்தேன். அவ்வளவு பெரிய கட்டிலில் அம்மா சுவரோரமாக ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"நல்லா நடுவுல படும்மா. ஏன் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு?"

"இடம் விட வேண்டாமாடா?"

வயதாகிவிட்டது, ஏதோ தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவுக்குத் தோள்வலி. கை தலைக்கு மேல் எழும்பாது. என் மனைவிதான் தினமும் தலை வாரிப் பின்னிவிடுவாள். ஒரு நாள் காலையில் சீப்போடு போனவள் அப்படியே திரும்பி வந்தாள்.

"நீங்களா அத்தைக்குப் பின்னிவிட்டீங்க?"

எனக்கு ஷூ லேஸே ஒழுங்காகக் கட்ட வராது. போய்ப் பார்த்தேன். ஒரு முடி பிசகாமல், இறுக்கிப் பின்னியிருந்தது. நுனியில் வெள்ளைத் துணி நாடா. எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாடா கிடையாது.

"யாரும்மா பின்னினது?"

அம்மா வெட்கப்பட்டவள் போலச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் மழை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். ஏழரை மணி இருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

க்ரீச்...

கட்டில் சத்தம். சுவர்ப் பக்கம். அம்மா புரண்டு படுக்கிறாள்.

க்ரீச்...

இது கதவுப் பக்கம். சுவர்ப் பக்கத்துப் பாரம் அப்படியே இருக்கிறது. அதற்குள் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாரம் எழுந்துவிட்டது. என் காது இதில் ஏமாறாது.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். ஒரு விரல் அளவு திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது. காற்று இல்லை. மரம் ஊதிப் பிடிக்கவும் இல்லை. அந்தப் பக்கம் யாரோ தோள் கொடுத்து நிற்கிறார்கள்...

"அம்மா!"

அம்மாவின் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை.

"நம்ம பையன்தான்... விடுங்க."

கதவு அசையவில்லை.

"பரவாயில்ல, உள்ள வரட்டும். விடுங்க."

கதவு திறந்தது.

அம்மா கட்டிலில் இருந்தாள். சுவரோரம். தனியாக.

எனக்குப் பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மறுநாளே வீட்டை விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். மச்சானுக்குப் போன் செய்தேன். மழைக்காலத்தில் கதவு அப்படித்தான் என்றார். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. எப்படியோ வாங்க ஒருவர் கிடைத்தார். ஒரு டீச்சர். விவரமானவர். முன்பணம் தருவதற்கு முன்பே பத்திரத்தைத் தன் வக்கீலிடம் கொடுத்துவிட்டார். அந்த வக்கீலம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வீடு உங்களுதுதான் சார். பின்னறையில குடியிருக்கிற உரிமை வேற ஒருத்தருக்கு இருக்கு."

இந்த வீட்டைக் கட்டியவர் தன் தங்கைக்கு அந்த அறையை ஆயுசு முழுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு வீடு பல கை மாறியிருக்கிறது. அந்த உரிமை மட்டும் மாறவில்லை.

"அவங்க எப்பவோ இறந்திருப்பாங்களே?"

"இறந்ததா எங்கயும் பதிவு இல்ல. விட்டுக்கொடுத்ததாவும் இல்ல. இருந்தா இப்ப நூத்திப் பதினாலு வயசு." வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "கோர்ட்ல கேக்கலாம். ஆனா அங்க அப்படி ஒருத்தர் இருக்கிற சுவடே இல்லன்னு நீங்க சத்தியம் பண்ணணும். பண்ணுவீங்கள்ல?"

நான் மேசையில் கிடந்த பத்திரத்தைப் பார்த்தேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நீங்க வாங்குறதுக்கு முன்னாடி வந்திருந்தா எனக்கு ஒரு மத்தியான வேலை சார்," என்றார் வக்கீலம்மா.

வீடு போனால் போகட்டும். அம்மாவையாவது கூட்டிக்கொண்டு போய்விடலாம், ஏதாவது ஒரு வாடகை வீட்டுக்கு. அந்த எண்ணத்தோடுதான் ஓடி வந்தேன்.

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரலடா."

"ஏம்மா?"

"என்னைக் கேட்டாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

அழுகை வந்துவிட்டது. அள்ளித் தூக்கப் பார்த்தேன். எலும்பும் தோலுமான உடம்பு. நான் தினமும் இரும்பு தூக்குகிறவன்.

அசைக்க முடியவில்லை...

போன் அடித்தது. வக்கீலம்மா.

"முழுசாப் படிச்சுட்டேன் சார். இன்னொரு விஷயமும் எழுதியிருக்கு. அந்தத் தங்கச்சி தன் துணைக்கு ஒருத்தரை அந்த ரூம்ல வெச்சுக்கலாம். யாருங்கிறது அவங்க இஷ்டம். அவங்க இருக்கிற வரைக்கும் அந்த ஆளை வீட்டுக்காரர் வெளிய அனுப்ப முடியாது."

பிறகு அவரே கேட்டார்.

"ஏன் சார்... அந்த ரூம்ல இப்ப யாராவது இருக்காங்களா?"