பாயசத்துக்கு ஒரு மாத்திரை

என் மாமியாருக்கு இரண்டு மருமகள்கள். நான் சின்னவள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில்தான் அவர் இருக்கிறார். பெரிய மருமகள் தில்லை நகரில் இருக்கிறாள், இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் டீச்சர். நேரில் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். மனசுக்குள் பெரியவள்தான், அத்தை சொல்கிற மாதிரியே.

அத்தையின் கால் நகத்தை வெட்டுவது நான். சர்க்கரை உள்ள காலாயிற்றே என்று, ஒரு கீறல் படாமல் ஒவ்வொன்றாக வெட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை பெரியவள் ஒரு பை ஆப்பிளோடு வந்தால், அத்தை புடவை மாற்றிக்கொண்டு கூடத்தில் வந்து உட்காருவார். எனக்காக அவர் ஒருநாளும் புடவை மாற்றியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எதற்கு மாற்றுவார் என்று எனக்கே தெரியும். தெரிந்தாலும் வயிறு எரியும்.

எனக்கென்று இருந்தது ஒரே ஒரு விஷயம். சர்க்கரை இருப்பவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று பெரியவள் ஏகாதசி விரதத்தை நிறுத்தச் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு ஏகாதசிக்கும் காலையில் போன் செய்து விசாரிப்பாள். "ரெண்டு இட்லி சாப்பிட்டேன் கண்ணு" என்று அத்தை சொல்லிவிட்டு, போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். அடுப்பில் இட்லியே இருக்காது. அந்தக் கண்சிமிட்டல் பெரியவளுக்குக் கிடைக்காதது. அதற்காகவே நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றும் ஏகாதசி. முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டில் வளைகாப்பு. அத்தை பாயசம் இரண்டு டம்ளர் குடித்தார். வீட்டுக்கு வந்ததும், ராத்திரி எப்போதும் போடும் ஒரு சர்க்கரை மாத்திரைக்குப் பதில் இரண்டு போட்டுக்கொண்டார்.

"என்னத்த, ரெண்டு போடறீங்க?"

"பாயசத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. பெரியவகிட்ட சொல்லிடாத."

சிரித்தேன். ராத்திரி படுக்கும்போது பயம் வந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். எழுந்து போய் மாத்திரை அட்டையை எண்ணினேன். இரண்டு குறைந்திருந்தது. காலை வேளைக்கு இன்னொன்று குறைந்தது. விரத நாளென்றாலும் மாத்திரையை மட்டும் அவர் விடமாட்டார்.

பதினோரு மணிக்குத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் மாடத்திலேயே சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் சில்லென்று வியர்வை. கூப்பிட்டால் ஏதோ முனகினார். என் வீட்டுக்காரர் மணப்பாறைக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் பெரியவளுக்குப் போன் செய்துவிட்டு, மாத்திரைகள் இருக்கும் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் அத்தையை மடியில் போட்டு, பக்கத்தில் உள்ள டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவசர சிகிச்சை வாசலில் ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். "சக்கரை இருக்கும்மா, மயங்கிட்டாங்க" என்று நர்ஸிடம் சொன்னேன். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. கவுன்டரில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். எட்டாவதோடு நின்றவள் நான். பெயரை எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பெரியவள் பள்ளியிலிருந்து அப்படியே ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, நின்றபடியே மளமளவென்று எழுதி முடித்தாள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு ஒரே ஆள்தான் உள்ளே போகலாம். அதற்கு நீலக் கயிற்றில் ஓர் அட்டை தருவார்கள். படிவம் எழுதியவள் கையில் அட்டையைக் கொடுத்தார்கள். அவள் கழுத்தில் ஏற்கெனவே பள்ளிக்கூட அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இதையும் அதன்மேல் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான், பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"சுகர் ரொம்ப இறங்கிடுச்சாம். ஊசியில குளுக்கோஸ் போட்டதும் முழிச்சுட்டாங்க. என்னப் பாத்து 'வந்துட்டியா கண்ணு'ன்னாங்க."

"டாக்டர் என்ன கேட்டாங்கக்கா?"

"சாப்பிட்டாங்களா, மாத்திரை என்னன்னு கேட்டாங்க. காலையில இட்லி சாப்பிட்டாங்க, மாத்திரை வேளைக்கு ஒண்ணுன்னு சொன்னேன். நான்தான் ஒம்பது மணிக்கே போன்ல கேட்டேனே. இன்னும் ஒரு மணி நேரம் பாத்துட்டு அனுப்பிடுவாங்க."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் சொல்லவில்லை. வந்துட்டியா கண்ணு என்ற வார்த்தை காதில் இருந்தது. எல்லாம் தெரிந்தவள், எல்லாவற்றையும் எழுதினவள், இதையும் அவளே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். அவள் திரும்ப உள்ளே போனாள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அவள் அத்தையின் தலைமாட்டில் நிற்பது தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிஷம் அப்படியே இருந்தேன். இன்றுவரை நான் வெட்கப்படும் நாற்பது நிமிஷம்.

பிறகு என் பயம் வேலையைக் காட்டியது. வீட்டுக்குக் கூட்டிப் போவோம். பெரியவள் பள்ளிக்குப் போய்விடுவாள். மத்தியானம் அத்தை தூங்குவார். தூங்குகிறாரா மயங்கிவிட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்று மாத்திரை உள்ளே இருக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் போய்விட்டால்?

எழுந்து வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம் போனேன்.

"அண்ணே, டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அட்ட இருக்காம்மா?"

"இல்லண்ணே. மாத்திரை விஷயம்."

"ஆளாளுக்கு உள்ள போனா நாங்க எதுக்கு? அட்டைக்காரங்கள கூப்பிடறேன், அவங்ககிட்ட சொல்லுங்க."

யாரிடம் சொல்லக் கூடாதென்று இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்தேனோ அவளையே கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினார். மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன்.

"அக்கா, அத்தை இட்லி சாப்பிடல. எந்த ஏகாதசிக்கும் சாப்பிட்டதில்ல. நேத்து பாயசம் குடிச்சாங்கன்னு ராத்திரி ரெண்டு போட்டாங்க. காலையில ஒண்ணு."

பெரியவள் மாத்திரை அட்டையைப் பார்த்தாள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன். அப்புறம் எண்ணியும் பாத்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நீலக் கயிற்றைத் தலைவழியே கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னதுதான் தப்பாப் போச்சே. எதையும் விடாம சொல்லு, போ."

இப்படி ஒரு குணமும் அவளுக்குத்தான் இருக்க வேண்டுமா என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே உள்ளே போனேன்.

டாக்டர் சின்னப் பெண். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது சீக்கிரம் உடம்ப விட்டுப் போற மாத்திரை இல்லம்மா. குளுக்கோஸ் போட்டா சக்கரை ஏறும், மறுபடி இறங்கும். வீட்டுக்கு அனுப்ப இருந்தோமே. முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கலாம் டாக்டர்."

அத்தையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். குளுக்கோஸ் பாட்டில் ஏறியது. மணிக்கொரு தரம் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். இரண்டு மணி வாக்கில் அத்தையின் நெற்றியில் மறுபடியும் வியர்வை துளிர்த்தது. நான் கூப்பிட, நர்ஸ் ஓடிவந்து குத்திப் பார்த்தார். சர்க்கரை மறுபடி இறங்கியிருந்தது. உடனே இன்னொரு ஊசி போட்டார்கள். வீட்டில் இருந்திருந்தால் அது தூக்கம் என்றே நினைத்திருப்பேன்.

கண்ணைத் திறந்த அத்தை முதலில் என் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"பெரியவ எங்க?"

"வெளியில உக்காந்திருக்காங்கத்த. ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டாங்க."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "அவள வரச் சொல்லு" என்றார்.

இனி எந்த ஏகாதசிக்கும் எனக்குக் கண்சிமிட்டல் கிடையாது என்று புரிந்தது. கயிற்றில் கை வைத்தேன். கழற்றவில்லை. அடுத்த தடவை விரலில் குத்தும்வரை உட்கார்ந்திருந்தேன். "நூத்திப் பத்து, நல்லாருக்கு" என்று நர்ஸ் என்னிடம் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்ட பிறகு வெளியே போய், பெரியவளிடம் அட்டையைக் கொடுத்தேன்.